கம்பெனி காலச் சேலத்தில் சொத்தும் வாரிசும்

கம்பெனி காலச் சேலத்தின் வாரிசுரிமை என்பது, இன்றைய சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளியில் வாழ்ந்தவர்கள் தங்கள் நிலத்தையும் பணத்தையும் குடும்பத்தாருக்கு விட்டுச் சென்ற முறைகளைக் குறிக்கும். 1792ஆம் ஆண்டு இப்பகுதி ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது முதல் ஏறத்தாழ எண்பது ஆண்டுக் காலத்தை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. அக்காலத்தில் ஊர் முழுவதற்கும் ஒரே வாரிசுச் சட்டம் இருக்கவில்லை. இறந்தவர் யார் என்பதைப் பொறுத்துச் சட்டம் மாறியது. ஒரே ஊரில் இறந்த கம்பெனி அதிகாரியின் பணமும் குடியானவரின் காடும் இரு வேறு வழிகளில் போயின. அதிகாரி தம் சொத்தை விரும்பியவருக்கு எழுதி வைக்கலாம். குடியானவருக்கு அந்த உரிமை இல்லை. அவருடைய மகன் பிறந்த அன்றே அவருக்குப் பங்காளி ஆகிவிட்டான்.

ஆட்சி மாற்றமும் நில அளவையும்

மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792 மார்ச் மாதம் சீரங்கப்பட்டணத்தில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் சேலம், பாரமகால், திண்டுக்கல் முதலிய பகுதிகளைக் கம்பெனிக்கும் அதன் கூட்டாளிகளுக்கும் விட்டுக்கொடுத்தார். சேலமும் பாரமகாலும் கம்பெனியின் பங்கில் வந்தன. அவற்றை நிருவகிக்கக் கேப்டன் அலெக்சாண்டர் ரீடு அமர்த்தப்பட்டார். தாமஸ் மன்றோ, வில்லியம் மெக்லியாட், ஜேம்ஸ் கிரகாம் ஆகியோர் அவருக்கு உதவியாளர்கள். சேலம், நாமக்கல் சமவெளி அடங்கிய தென்பகுதி மெக்லியாடிடம் இருந்தது. பின்னாளில் சென்னையின் ஆளுநராக உயர்ந்த மன்றோ இங்கேதான் வருவாய் நிருவாகத்தைக் கற்றுக்கொண்டார்.

ரீடு செய்த பெரிய வேலை நில அளவை. வயல் வயலாக அளந்து, ஒவ்வொன்றுக்கும் தீர்வை குறித்து, அதை உழுபவரின் பெயரில் பதிந்தார்கள். 1796 டிசம்பர் 10ஆம் நாள் அவர் வெளியிட்ட அறிக்கை, தீர்வையைக் கட்டிவரும்வரை நிலம் குடியானவரிடமே இருக்கும் என்றும், வேண்டாத வயலை அவர் விட்டுவிடலாம் என்றும் கூறியது. ரயத்துவாரி முறையின் தொடக்கம் இதுவே.

வாரிசுரிமையைப் படிக்கிறவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். கம்பெனியின் கணக்கில் ஒரு வயலுக்கு ஒரு பெயர் இருந்தது. குடும்பத்திலோ அந்த வயலுக்கு உரியவர்கள் தகப்பன், மகன்கள், பிரியாத சகோதரர்கள் என்று பலர். வரி வாங்குவதற்கு ஒரு பெயர் போதும் என்பதால் கணக்குப்பிள்ளை மூத்தவர் பெயரை எழுதிக்கொண்டார். அந்தப் பெயர் வரி கட்டப் பொறுப்பானவரைக் காட்டியது. குடும்பத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதைக் காட்டவில்லை. இன்றும் ‘பட்டா என் பெயரில் இருக்கிறது, ஆகவே நிலம் என்னுடையது’ என்று ஓர் அண்ணன் சொல்வதும், ‘அது பொதுச்சொத்து’ என்று தம்பி வழக்குப் போடுவதும் இந்த இடைவெளியால்தான்.

விட்டுச்செல்ல என்ன இருந்தது?

இன்றைய நில விலையை மனத்தில் வைத்துக்கொண்டு அக்காலத்தைப் பார்த்தால் தவறாகப் புரிந்துகொள்வோம். அன்று நிலம் மிகுதி, உழுவதற்கு ஆள் குறைவு. விளைச்சலில் பெரும்பகுதி தீர்வையாகப் போனது. அப்படிப்பட்ட வயலை விலை கொடுத்து வாங்க யார் வருவார்கள்? தஞ்சாவூர், செங்கல்பட்டுப் பகுதிகளில் மிராசு உரிமை விற்கவும் அடமானம் வைக்கவும் கூடிய சொத்தாக இருந்தது. சேலம் பக்கத்து மானாவாரிக் காடுகளுக்கு அத்தகைய விலை இல்லை. வயலை மகனுக்கு விடுவது, அதன் தீர்வையையும் அவன் தலையில் ஏற்றுவதாகவே இருந்தது.

மதிப்புள்ளவை வேறு. முதலில் கிணறு. மழையை மட்டும் நம்பும் காட்டைவிடக் கிணறு இருக்கும் தோட்டம் பல மடங்கு மேலானது. அடுத்து, கவலை ஓட்டி நீர் இறைக்கும் எருதுகள், பால்மாடு, ஆட்டுப்பட்டி. பிறகு குதிரில் உள்ள தானியம், பெண்களின் நகை, பித்தளை வெண்கலப் பாத்திரம், பிறரிடமிருந்து வரவேண்டிய கடன். நெசவாளர் வீடானால் தறி.

கிணற்றை வெட்டிப் பிரிக்க முடியாது. ஆகவே பாகம் பிரிக்கும்போது கிணற்றைப் பொதுவில் வைத்து, தண்ணீரை முறை வைத்துப் பிரித்தார்கள். அண்ணனுக்கு இத்தனை நாள், தம்பிக்கு இத்தனை நாள் என்று முறை. இன்றும் சேலம், நாமக்கல் பக்கத்துப் பாகப் பத்திரங்களில் ‘கிணற்றில் பாதி’, ‘வண்டித்தடப் பாத்தியம்’ போன்ற சொற்களைக் காணலாம். கவலை போய் மின்மோட்டார் வந்தபின், முறை நீர் என்பது மின் இணைப்பு யார் பெயரில் என்ற வழக்காக உருமாறியிருக்கிறது.

பிறப்பால் வரும் பங்கு

சென்னை மாகாணத்தின் 1802ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டங்கள், மாவட்ட நீதிமன்றங்களை அமைத்ததோடு, வாரிசு வழக்குகளில் இந்துக்களுக்கு இந்து தருமநூலும் முஸ்லிம்களுக்கு இஸ்லாமியச் சட்டமும் பின்பற்றப்பட வேண்டும் என்று விதித்தன. ஆங்கிலேய நீதிபதிக்கு வடமொழி தெரியாதாகையால், நூலைப் பார்த்துச் சொல்ல நீதிமன்றத்தில் பண்டிதர்கள் இருந்தனர். இந்தப் பதவி 1864ஆம் ஆண்டுவரை நீடித்தது.

தென்னாட்டில் நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்ட முதன்மை நூல் விஞ்ஞானேசுவரர் எழுதிய மிதாட்சரம். யாக்ஞவல்கிய ஸ்மிருதிக்கு அவர் எழுதிய உரை அது. அதன் வாரிசுப் பகுதியைக் கோல்புரூக் 1810இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். சென்னை உச்ச நீதிமன்றத்தின் முதல் தலைமை நீதிபதியான தாமஸ் ஸ்ட்ரேஞ்சு 1825இல் இந்துச் சட்டம் பற்றி ஒரு நூல் எழுதினார். நீதிபதிகளின் மேசையில் இருந்தவை இத்தகைய நூல்களே. ஓமலூரிலோ பரமத்தியிலோ இருந்த குடியானவர் மிதாட்சரத்தைப் பெயரளவில்கூட அறிந்திருக்க மாட்டார். பங்காளிகளும் ஊர்ப் பெரியவர்களும் கூடிப் பேசி, ஓலையில் எழுதி, சாட்சி வைத்துப் பிரித்துக்கொண்டவர்களே பெரும்பாலோர்; தகராறு முற்றியவர்கள் மட்டுமே நீதிமன்றம் வரை போனார்கள்.

மிதாட்சரத்தின் அடிப்படை எளிது. முன்னோர் சொத்தில் மகன், பேரன், கொள்ளுப்பேரன் ஆகியோருக்குப் பிறப்பினாலேயே உரிமை உண்டு. தகப்பன் இறந்தபின் வரும் உரிமை அன்று அது. அவர் உயிரோடு இருக்கும்போதே உள்ளது. பிரியாத குடும்பத்தில் ஒருவர் இறந்தால் அவர் பங்கு தனியே வாரிசுக்குப் போகாது. மற்றப் பங்காளிகளின் பங்கு பெருகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு தகப்பனுக்கு இரண்டு மகன்கள். இன்று பாகம் பிரித்தால் ஆளுக்கு மூன்றில் ஒன்று. பிரிப்பதற்குள் மூன்றாவது மகன் பிறந்துவிட்டால் ஆளுக்கு நான்கில் ஒன்றாகக் குறையும். அந்த நால்வரில் ஒரு மகன் பிள்ளையில்லாமல் இறந்தால் மீண்டும் மூன்றில் ஒன்றாக உயரும். அந்த இறந்த மகனுக்கு மனைவி இருந்தாலும் கணக்கு மாறாது. பங்கு என்பது குடும்பத்தில் பிறப்பு, இறப்பு நேரும்போதெல்லாம் மாறிக்கொண்டிருக்கும் ஓர் எண். பாகம் பிரித்த நாளில்தான் அது நிலைபெறும். நான் பாடம் நடத்திய காலத்தில் பின்னக் கணக்குக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. ‘அவர் மனைவிக்கு எவ்வளவு, சார்?’ என்று கேட்கும் மாணவி எந்த வகுப்பிலும் ஒருத்தி இருப்பாள்.

பெண்களுக்கு வந்தது

அந்தக் கேள்விக்கு அக்காலச் சட்டம் தந்த விடை: சோறும் துணியும் தங்க இடமும். பிரியாத குடும்பத்தில் இறந்தவரின் மனைவிக்கு ஜீவனாம்சம் மட்டுமே உண்டு. பாகப்பிரிவினையில் தாய்க்கும் ஒரு பங்கு என்று நூல்களில் இருந்தபோதிலும் தென்னாட்டில் அது வழக்கொழிந்துவிட்டது. கணவர் முன்பே பாகம் பிரிந்து தனியே வாழ்ந்து, மகனும் இல்லாமல் இறந்தால்தான் நிலம் மனைவியின் கைக்கு வரும். அப்போதும் அவள் அதை ஆயுள்வரை அனுபவிக்கலாமே தவிர, கடன் தீர்ப்பது, ஈமச் சடங்கு போன்ற தேவையின்றி விற்க முடியாது. அவள் இறந்தபின் நிலம் அவளுடைய உறவினருக்குப் போகாது. கணவரின் அடுத்த வாரிசுக்கே போகும். மகளின் முறை தாய்க்குப் பிறகுதான். சகோதரன் இருந்தால் முறையே இல்லை. 1856ஆம் ஆண்டு விதவை மறுமணச் சட்டம் மறுமணத்தைச் செல்லுபடியாக்கியது. ஆனால் மறுமணம் செய்துகொண்டவள் முதல் கணவர் சொத்தில் பெற்றிருந்ததை இழக்க வேண்டும் என்றும் அதே சட்டம் கூறியது.

பிள்ளையில்லாத கைம்பெண்ணுக்கு இருந்த மற்றொரு வழி, ஒரு பையனைத் தத்தெடுப்பது. கணவர் உயிரோடிருந்தபோது அனுமதி தராவிட்டாலும் பங்காளிகள் இசைந்தால் தத்தெடுக்கலாம் என்பது தென்னாட்டு வழக்கம். இராமநாதபுரம் சமஸ்தான வாரிசு வழக்கில் 1868இல் இலண்டன் பிரிவி கவுன்சில் இதை ஏற்றது. தெளிவாக மெய்ப்பிக்கப்பட்ட வழக்கம், நூலில் எழுதப்பட்ட விதியைவிட மேலானது என்ற கருத்தும் அந்தத் தீர்ப்பில்தான் நிலைபெற்றது. கோயம்புத்தூர், சேலம் என்று எந்த மாவட்டத்துப் பங்காளி வழக்கிலும் ‘எங்கள் குல வழக்கம்’ என்று வாதிட இது கதவைத் திறந்துவிட்டது.

பெண்ணுக்கென்று முழுமையாக இருந்தது சீதனம். பிறந்த வீட்டார் திருமணத்தின்போது தந்த நகை, பாத்திரம், மாடு, சில வீடுகளில் சிறு நிலம் ஆகியவை அவளுடையவை. அவை மகள்களுக்கு இறங்கும். இங்கே ஒன்றைக் குறிப்பிட வேண்டும். அதே காலத்தில் இங்கிலாந்தில் திருமணமான பெண்ணின் அசையும் பொருள் கணவனுடையதாகிவிடும். அந்த நிலைமையை மாற்றிய முழுமையான சட்டம் அங்கே 1882இல்தான் வந்தது. இங்கே பண்டிதர்களைக் கேட்டுத் தீர்ப்பெழுதிய துரைமார்களின் மனைவியரைவிட, நகையைப் பொறுத்தவரை நம் குடியானவர் வீட்டு மருமகளுக்குச் சட்டப்படி அதிக உரிமை இருந்தது. நடைமுறையில் அந்த நகை மாமனாரின் கடனுக்கு எத்தனை முறை அடகுக்குப் போயிருக்கும் என்பது வேறு கதை.

கடனும் இறங்கியது. தகப்பன் பட்ட கடனைத் தீர்ப்பது மகனின் தருமக் கடமை; சூதாட்டம், குடி போன்றவற்றுக்காகப் பட்ட கடனுக்கு மட்டும் விலக்கு உண்டு. சேலத்து நெசவாளர்களுக்கு இது பெரிய செய்தி. அவர்களுக்கு முன்பணம் கொடுத்துத் துணி நெய்யச் சொன்ன பெரிய முதலாளி கிழக்கிந்தியக் கம்பெனியே.

கார்பென்டரின் உயில்

கம்பெனிக்காகத் துணி கொள்முதல் செய்ய ஊர்களில் ‘வணிக ரெசிடெண்ட்’ என்ற அதிகாரி இருந்தார். சேலத்தில் அப்பதவியில் இருந்தவர்களுள் ஒருவர் சார்லஸ் கார்பென்டர். பிரெஞ்சுக் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதில் இங்கிலாந்தில் வளர்ந்து, கம்பெனி வேலைக்கு வந்தவர். ஷார்ப்பாந்தியே என்ற குடும்பப் பெயரை ஆங்கில முறைப்படி கார்பென்டர் என்று மாற்றிக்கொண்டார். இவருடைய சகோதரி சார்லட்டை 1797 டிசம்பரில் திருமணம் செய்துகொண்டவர், பிற்காலத்தில் ‘ஐவன்ஹோ’ முதலிய நாவல்களால் புகழ்பெற்ற சர் வால்டர் ஸ்காட். சேலத்தில் சம்பாதித்த பணத்திலிருந்து கார்பென்டர் சகோதரிக்கு ஆண்டுதோறும் தொகை அனுப்பிவந்தார். புதுமணத் தம்பதியரின் குடும்ப வருமானத்தில் அது முக்கியமான பங்கு.

கார்பென்டர் 1818இல் இறந்தார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் எழுதியிருந்த உயிலின்படி சொத்து அவர் மனைவி இசபெல்லாவின் ஆயுள்வரை அவருடைய அனுபவத்தில் இருக்க வேண்டும். அவருக்குப் பின் சகோதரியின் பிள்ளைகளுக்குச் சேர வேண்டும். ஸ்காட் தம்பதியருக்குப் பிள்ளைகள் நால்வர். மாமனின் முகத்தைப் பார்த்தறியாத அந்த நால்வருக்கும், சேலத்துத் துணி வணிகத்தின் பயன் கடல் கடந்து ஸ்காட்லாந்து வரை போவதற்கு ஒரு தாள் போதுமானதாக இருந்தது. 1826இல் ஸ்காட் தம் பதிப்பாளர், அச்சகக் கூட்டாளிகளின் வீழ்ச்சியால் பெருங்கடனில் மூழ்கினார். ஆனால் மாமன் எழுதிவைத்தது பிள்ளைகளுக்கு என்பதால் தகப்பனின் கடன்காரர்கள் அதைத் தொட வழியில்லை. தகப்பன் கடன் மகன் தலையில் என்ற சேலத்து விதியோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கம்பெனி ஊழியர்கள் உயில் எழுதுவதில் கவனமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் எந்த வாரமும் ஒருவரைக் கொண்டுபோகலாம். குடும்பமோ பல மாதக் கப்பல் பயணத்துக்கு அப்பால். சென்னையில் 1801 முதல் உச்ச நீதிமன்றம் உயில்களை மெய்ப்பித்து ஏற்கும் இடமாக இருந்தது. அதற்கு முன் மேயர் நீதிமன்றம். நண்பர்கள் இருவரை நிறைவேற்றுநராகக் குறிப்பிடுவது, வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டுப் பணமாக்கி இலண்டனுக்கு உண்டியல் மூலம் அனுப்புவது என்பதெல்லாம் வழக்கமான நடைமுறை. அக்காலக் கம்பெனி ஊழியர் பலரின் உயில்களில் அவர்களோடு வாழ்ந்த இந்தியப் பெண்களுக்கும் அவர்கள் பெற்ற பிள்ளைகளுக்கும் சிறு தொகைகள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. திருமணம் பதிவாகாத அந்தப் பெண்களுக்கு உயிலில் பெயர் வராவிட்டால் ஒரு காசும் இல்லை.

கார்பென்டரின் உயிலில் இருக்கும் ‘ஆயுள்வரை மனைவி, பிறகு பிள்ளைகள்’ என்ற அமைப்பை நம் ஊர்ப் பத்திர எழுத்தர்களிடம் காட்டினால் சிரிப்பார்கள். ‘ஆயுள் பரியந்தம் அனுபவித்துக்கொண்டு, பின்பு சர்வ சுதந்திரமாய் அடைய வேண்டியது’ என்று அவர்கள் எழுதாத நாளே இல்லை. ஆனால் 1818இல் சேலத்துக் குடியானவர் ஒருவர் முன்னோர் நிலத்தைப் பற்றி இப்படி எழுதியிருந்தால், மகன் அதைக் கிழித்துப் போட்டிருக்கலாம்.

மிட்டாக்கள்

இடையில் வந்த ஒரு சோதனை முயற்சி, சேலத்தின் வாரிசுக் கதையை இன்னும் சிக்கலாக்கியது. வங்காளத்தின் நிரந்தரத் தீர்வையைப் போலச் சென்னை மாகாணத்திலும் செய்ய வேண்டும் என்று மேலிடம் கட்டளையிட்டது. ரீடும் மன்றோவும் கட்டிய வயல்வாரி முறையை ஓரம்கட்டிவிட்டு, 1802 முதல் சில ஆண்டுகளில் சேலம் மாவட்டத்தைச் சில பல கிராமங்கள் கொண்ட ‘மிட்டா’க்களாகப் பிரித்து விற்றார்கள். வாங்கியவர் மிட்டாதார். குடிகளிடம் தீர்வை வசூலித்து, நிலையாகக் குறிக்கப்பட்ட தொகையை அரசுக்குச் செலுத்துவது அவர் பொறுப்பு.

1802ஆம் ஆண்டின் 25ஆம் ஒழுங்குமுறைச் சட்டம் மிட்டாதார், ஜமீன்தார் ஆகியோருக்குத் தங்கள் உரிமையை விற்கவும் தானம் செய்யவும் வேறு வகையில் மாற்றவும் அனுமதி அளித்தது. இரண்டு தடைகள் மட்டும் இருந்தன. அந்த மாற்றம் அவரவர் சமயச் சட்டத்துக்கு முரண்படக் கூடாது. மேலும், கலெக்டர் அலுவலகத்தில் பதிந்து, தீர்வையையும் பங்குக்கு ஏற்பப் பிரித்துக்கொள்ளாவிட்டால் அரசை அது கட்டுப்படுத்தாது. அதாவது மூன்று மகன்கள் வீட்டுக்குள் மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். கணக்கில் பிரிக்காதவரை, ஒருவர் நிலுவை வைத்தாலும் முழு மிட்டாவும் ஏலத்துக்கு வரும். ஒழுங்காகக் கட்டிய தம்பியும் நிலத்தை இழப்பான். பதிவேட்டுப் பெயருக்கும் குடும்பப் பங்குக்கும் உள்ள இடைவெளியை மீண்டும் இங்கே காண்கிறோம், ஆனால் இப்போது அதன் விலை மிகப் பெரிது. வாரிசு சிறுவனாக இருந்தால் பெரிய சொத்துகளைக் காக்க 1804ஆம் ஆண்டின் 5ஆம் சட்டப்படி ‘கோர்ட் ஆப் வார்ட்ஸ்’ என்ற ஏற்பாடும் இருந்தது.

மிட்டாக்கள் பல தாக்குப்பிடிக்கவில்லை. மழை பொய்த்த ஆண்டுகளில் நிலுவை ஏறி, ஒன்றன்பின் ஒன்றாக அரசிடமே திரும்பின. அவை மறுபடியும் ரயத்துவாரிக்கு வந்தன. 1820இல் மன்றோ ஆளுநரானபோது ரயத்துவாரியே மாகாணத்தின் பொது முறையாயிற்று. தாக்குப்பிடித்தவை 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம்வரை இருந்தன. 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சராக இருந்த ப. சுப்பராயன், திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீன்தார்.

இந்துக்கள் உயில் எழுதலாமா?

தருமநூல்களில் உயில் என்ற கருத்தே இல்லை. ஆனால் சென்னை நகரத்து வணிகர்கள் ஆங்கிலேயரைப் பார்த்து உயில் எழுதத் தொடங்கிவிட்டார்கள். நகர நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. தொடக்ககால ஒழுங்குமுறைச் சட்டங்கள் சிலவும் இந்து உயிலைச் செல்லத்தக்கதாகக் கருதும் சொற்களைக் கொண்டிருந்தன. குழப்பம் முற்றவே, 1829ஆம் ஆண்டின் 5ஆம் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது: இந்துக்கள் விட்டுச்செல்லும் உயில், இந்துச் சட்டத்தோடு ஒத்துப்போகும் அளவுக்கு மட்டுமே செல்லும். நூலிலேயே இல்லாத ஒன்று நூலோடு எப்படி ஒத்துப்போகும் என்று வழக்கறிஞர்கள் கேட்டார்கள். அடுத்த பல ஆண்டுகள் விடை தெளிவாக இல்லை.

1856இல் சென்னை மாகாணத்திலிருந்து சென்ற ஒரு மேல்முறையீட்டில், ஆண் வாரிசு இல்லாதவர் தம் சொத்தை உயில் மூலம் தரலாம் என்று பிரிவி கவுன்சில் ஒப்புக்கொண்டது. மகன் உள்ளவர் நிலை? 1874இல் சென்னை உயர் நீதிமன்றம் அதற்கும் விடை சொன்னது. பிரியாத குடும்பத்தில் ஒருவர் தம் பங்கை உயிலால் தர முடியாது. உயில் நடப்புக்கு வருவது எழுதியவர் இறக்கும் நொடியில். அதே நொடியில் அவர் பங்கு மற்றப் பங்காளிகளிடம் சேர்ந்துவிடுகிறது. உயில் பிடிப்பதற்கு அங்கே எதுவும் மிச்சமில்லை. சட்டக் கல்லூரி மாணவர்கள் இந்த வாதத்தை இன்றும் படிக்கிறார்கள். கூரிய வாதம்தான். ஆனால் மகளுக்கோ இரண்டாம் மனைவிக்கோ ஏதாவது வைத்துவிட்டுப் போக நினைத்த தகப்பனுக்கு அது மிஞ்ச விட்டது, தானே சம்பாதித்த பொருளை மட்டுமே.

முஸ்லிம் குடும்பங்களில் நிலைமை வேறு. மனைவிக்கும் மகளுக்கும் நிலையான பங்கு உண்டு. உயிலால் தரக்கூடியது மூன்றில் ஒரு பங்குதான். சேலத்தில் 1827 முதல் இலண்டன் மிஷன் சங்கம் வேலை செய்தது. கிறித்தவரான குடும்பங்கள் எந்தச் சட்டத்தின் கீழ் வரும் என்ற கேள்வி 1865ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்துக்குப் பிறகே தெளிவடைந்தது. சமயம் மாறியவர் பரம்பரைச் சொத்தை இழக்கமாட்டார் என்பதை 1850ஆம் ஆண்டுச் சட்டம் முன்பே உறுதிசெய்திருந்தது.

பின்னர் வந்தவை

1937இல் கைம்பெண்ணுக்குக் கணவர் பங்கில் ஆயுள்கால உரிமை கிடைத்தது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் அதை முழு உரிமையாக்கியது. கூட்டுக் குடும்பத்துப் பங்கையும் உயிலில் எழுதலாம் என்றது. கார்பென்டருக்கு 1818இல் இருந்த சுதந்திரம் சேலத்துக் குடியானவருக்கு வந்துசேர நூற்று முப்பத்தெட்டு ஆண்டுகள் ஆயின. மகளுக்குப் பிறப்பால் பங்கு என்பதைத் தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அந்த நாளுக்கு முன் திருமணமானவர்களுக்கு அது பொருந்தாது. 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுவதும் மகளும் பங்காளி. அந்த நாளில் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்னது.

பழைய பத்திரங்களில் ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய்’ என்ற தொடர் வரும். மகன், பேரன் வழியாக என்று பொருள். மகள் அந்தத் தொடரிலேயே இல்லை. சட்டம் மாறிய பின்னும் பல எழுத்தர்கள் பழக்கத்தால் அதையே எழுதிவந்தார்கள். இப்போது மகள்கள் வரவேண்டிய இடம் சார்பதிவாளர் அலுவலகம். அங்கே பெரும்பாலும் அவர்கள் கையெழுத்திடுவது விடுதலைப் பத்திரத்தில். சகோதரனுக்குப் பங்கை விட்டுக்கொடுத்து, பதிலுக்குச் சிறு தொகையோ, பொங்கல் தீபாவளிச் சீர் தொடரும் என்ற நம்பிக்கையோ பெற்றுக்கொள்கிறார்கள். கையெழுத்திடும் முன் அந்தப் பத்திரத்தை முழுவதும் படித்துக் காட்டச் சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. படித்த பெண்களே அதைக் கேட்கத் தயங்குவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

ஆவணங்களைத் தேடுவோருக்கு

ரீடு காலத்துப் பதிவுகள் ‘பாரமகால் பதிவுகள்’ என்ற பெயரில் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சென்னை அரசால் பல பகுதிகளாக அச்சிடப்பட்டன. அவற்றில் சொத்து என்ற தலைப்பிலேயே ஒரு பகுதி உண்டு. 1883இல் லெபானு தொகுத்த சேலம் மாவட்டக் கையேடு மிட்டாக்களின் வரலாற்றை விரிவாகத் தருகிறது. சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் வருவாய் வாரியத்தின் நடவடிக்கைக் குறிப்புகளைப் பார்க்கலாம்.

சொந்தக் குடும்பத்தின் பழைய பத்திரத்தைத் தேடுவோர் எல்லை மாற்றங்களை நினைவில் கொள்ள வேண்டும். நாமக்கல் தாலுகா 1910இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டுப் பின்னர் சேலத்துக்குத் திரும்பியது. அந்த இடைக்கால ஆவணங்கள் திருச்சி மாவட்டப் பெயரில் இருக்கும். நாமக்கல் தனி மாவட்டமானது 1997 சனவரி 1ஆம் நாள்.